டிவிக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுக்கலாமா?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பா வீட்டில் புது டிவி வந்து இறங்கியது. 43 இஞ்ச். மாட்டிக் கொடுக்க ஒரு தம்பி வந்தார். சுவரில் துளை போட்டு, ஸ்டாண்டை முறுக்கி, டிவியைத் தொங்கவிட்டு ஆன் செய்தார். "சார், வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றார். அப்பா டைரியைப் பார்த்துச் சொன்னார். அடுத்து திரையில் பொடி எழுத்தில் ஆங்கிலப் பக்கங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் 'அக்ரி' என்று ஒரு பட்டன். தம்பி ரிமோட்டில் ஓகே, ஓகே, ஓகே என்று தட்டிக்கொண்டே போனார். அம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆறுவதற்குள் யூடியூப் ஓட ஆரம்பித்துவிட்டது.

அந்தத் தம்பிமேல் குற்றமில்லை. அன்றைக்கு அவருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. ஆனால் அவர் தட்டிய ஒவ்வொரு ஓகேயும் அப்பா பெயரில் போட்ட கையெழுத்து. அப்பா பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு தாளை முழுதாகப் படிக்காமல் அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த வீட்டிலேயே நாலு ஒப்பந்தங்கள் இப்படிப் படிக்கப்படாமல் முடிந்துபோனது எனக்கு மனசுக்குச் சரியாகப் படவில்லை. அன்று இரவு உட்கார்ந்து அவற்றைப் படித்தேன். அப்போதிலிருந்து, 'ஸ்மார்ட் டிவி வாங்கலாமா, வேண்டாமா' என்று யார் கேட்டாலும் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஸ்மார்ட் டிவி என்பது என்ன? ஒரு திரை, அதன் முதுகில் ஒரு சின்ன கம்ப்யூட்டர். அவ்வளவுதான். பழைய டிவியில் அந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. 2006க்குப் பிறகு தமிழ்நாடு அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த இலவச கலர் டிவியை நினைத்துப் பாருங்கள். ஆன்டெனாவிலோ கேபிளிலோ வருவதை வாங்கிக் காட்டும். வீட்டிலிருந்து வெளியே எதையும் அனுப்பாது. அனுப்ப அதற்கு வழியே இல்லை. ஸ்மார்ட் டிவியில் அந்த வழி இருக்கிறது. நெட் கொடுத்துவிட்டால் உள்ளே வருவதுபோல வெளியேயும் போகும். என்ன போகிறது என்பதுதான் கேள்வி.

பல கம்பெனிகளின் டிவிகளில் ஏசிஆர் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கன்டென்ட் ரெகக்னிஷன் என்பதன் சுருக்கம். திரையில் என்ன ஓடுகிறது என்பதை டிவியே கண்டுபிடிப்பது. எப்படி என்றால், மார்கழியில் தெருவில் நடந்து போகும்போது, கோலத்துக்குப் புள்ளி மட்டும் வைத்திருப்பார்கள், இன்னும் கோடு இழுத்திருக்க மாட்டார்கள். கோலம் தெரிந்தவர்கள் அந்தப் புள்ளி வரிசையைப் பார்த்தே இது இன்ன கோலம் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ஏசிஆரும் அதுபோலத்தான். திரையில் ஓடும் படத்தை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதிலிருந்து சில புள்ளிகளின் நிறத்தையோ, ஒலியின் ஒரு துணுக்கையோ எடுத்து, சின்ன எண் வரிசையாக மாற்றி அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் (சர்வர் என்பார்கள்) சேனல்கள், சினிமாக்கள், விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் இதேபோன்ற எண் வரிசைகள் தயாராக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் போதும்: இந்த வீட்டில், இரவு 8.32க்கு, இந்த சீரியலின் இந்தக் காட்சி, நடுவில் வந்த இந்த சோப்பு விளம்பரம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 'நான் டிவியில் இருக்கும் ஆப் எதையும் தொடுவதில்லை, செட்டாப் பாக்ஸ்தான் பார்க்கிறேன், எனக்கு இதெல்லாம் கிடையாது' என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. ஏசிஆர் பார்ப்பது திரையை. அந்தத் திரைக்குப் படம் செட்டாப் பாக்ஸிலிருந்து வந்தாலும் லேப்டாப்பிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். 2024இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம், மாட்ரிட் கார்லோஸ் மூன்றாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளை வைத்து, அவற்றிலிருந்து வெளியே போகும் தகவல் போக்குவரத்தைக் கவனித்தார்கள். எச்டிஎம்ஐ கேபிளில் லேப்டாப்பை இணைத்து, டிவியை வெறும் மானிட்டராகப் பயன்படுத்தியபோதும் ஏசிஆர் சர்வர்களோடு டிவி பேசிக்கொண்டே இருந்தது. எல்ஜி சுமார் 15 விநாடிக்கு ஒருமுறை, சாம்சங் சுமார் நிமிடத்துக்கு ஒருமுறை. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்ற ஆப்களை டிவியிலேயே ஓட்டியபோது இந்தப் போக்குவரத்து அடங்கியிருந்தது. செட்டிங்ஸில் போய் ஒப்புதலை விலக்கியதும் அது நின்றும்விட்டது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இதை ஏன் செய்கிறார்கள்? பணத்துக்கு. இதை நன்றாக விளங்க வைக்கும் கதை அமெரிக்காவின் விசியோ கம்பெனியுடையது. நம் ஊர்க் கடைகளில் பார்க்க முடியாது. அங்கே விலை குறைந்த டிவிக்குப் பேர்போன கம்பெனி. 2014 பிப்ரவரியிலிருந்து விசியோ டிவிகள், வீட்டுக்காரர்களுக்குச் சரியாகத் தெரிவிக்காமல், என்ன ஓடுகிறது என்பதை விநாடிக்கு விநாடி பதிவு செய்து அனுப்பின. ஏற்கெனவே விற்றுப்போய் வீடுகளில் இருந்த பழைய டிவிகளிலும் அப்டேட் மூலம் இதை ஏற்றினார்கள். செட்டிங்ஸில் இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி'. அந்தப் பெயரைப் பார்த்து யாருக்கு என்ன புரியும்? மொத்தம் 1.1 கோடி டிவிகள். பார்த்தவற்றின் பட்டியலோடு அந்த வீட்டினரின் வயது, பாலினம், வருமானம், திருமணமானவரா, படிப்பு, சொந்த வீடா என்ற விவரங்களையும் சேர்க்க வழிசெய்து மற்ற கம்பெனிகளுக்கு விற்றார்கள் என்பது நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டு. 2017 பிப்ரவரியில் விசியோ 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. கணக்குப் போட்டால் ஒரு டிவிக்கு 20 சென்ட். இனிமேல் வெளிப்படையாகக் கேட்டு, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்றும் உத்தரவானது.

அதோடு தொழில் நின்றுவிடவில்லை. ஒப்புதல் வாங்கிக்கொண்டு தொடர்ந்தது. 2021ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டுக் கணக்கை விசியோ வெளியிட்டபோது, டிவி முதலான சாதனங்களை விற்றதில் மொத்த லாபம் 2.56 கோடி டாலர். விளம்பரம், தகவல், சந்தா இவற்றில் 5.73 கோடி டாலர். இரண்டு மடங்குக்கும் மேல்! டிவி விற்பது வாசலைத் திறப்பதற்குத்தான், வருமானம் உள்ளே போன பிறகு என்று ஆகிவிட்டது. 2024இல் அந்தக் கம்பெனியை வால்மார்ட் சுமார் 230 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிய டிவி இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அந்த விலைக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

விசியோ மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2013இல் பிரிட்டனில் ஒருவர் தன் எல்ஜி டிவியிலிருந்து போகும் தகவல்களைப் பிரித்துப் பார்த்தார். பென் டிரைவில் போட்டுப் பார்த்த வீடியோக்களின் ஃபைல் பெயர்கள்கூட வெளியே போயிருந்தன. எல்ஜி அதை ஒப்புக்கொண்டு சரிசெய்தது. 2025 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) சாம்சங், சோனி, எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஐந்து கம்பெனிகள்மீதும் ஏசிஆர் தொடர்பாக வழக்குத் தொடுத்தார்.

நம் நாட்டில் இதே வேலையைக் கேட்டுச் செய்யும் முறையும் இருக்கிறது. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற டிஆர்பி கணக்கை எடுப்பதற்காக 'பார்க்' (BARC) இந்தியா என்ற அமைப்பு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில், வீட்டாரின் சம்மதத்தோடு மீட்டர் பொருத்தியிருக்கிறது. அந்த வீட்டாருக்குத் தாங்கள் கணக்கெடுக்கப்படுவது தெரியும். மீட்டர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும். அப்பாவுக்கு அப்படி எதுவும் தெரியாது. எனக்கு இதில் கோபம் வரும் இடம் இதுதான்.

"நான் பார்ப்பது சீரியலும் செய்தியும். அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறார்கள்?" அப்பாவே இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1987இல் ராபர்ட் போர்க் என்பவரை உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழிந்தபோது, அவர் கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளின் பட்டியலை ஒரு பத்திரிகை வாங்கி வெளியிட்டது. அதில் சங்கடமான படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சாதாரண சினிமா. ஆனாலும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதிர்ந்துபோய், அடுத்த வருடமே வீடியோ வாடகைப் பட்டியல்களை வெளியிடத் தடை விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியல் வெறும் படப் பெயர்கள். இன்றைய பட்டியலில் நேரமும் இருக்கிறது. எந்தச் சாமி, எந்தக் கட்சிச் சேனல், வீட்டில் சின்னக் குழந்தை உண்டா, சர்க்கரை நோய் பற்றிய நிகழ்ச்சியை யாராவது திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களா, எந்த வாரம் வீடு பூட்டியிருந்தது, எல்லாம் அதிலிருந்து ஊகிக்கக் கூடியவை. வீட்டில் எல்லா சாதனங்களும் ஒரே நெட் இணைப்பில்தான் வெளியே போகின்றன. அதனால் ஹாலில் பார்த்ததற்கும் கையில் இருக்கும் போனில் வரும் விளம்பரத்துக்கும் முடிச்சுப் போடவும் முடியும்.

ஒட்டுக் கேட்கிறதா என்பது இன்னொரு பயம். 2015இல் சாம்சங்கின் தனியுரிமைக் கொள்கையில், குரல் கட்டளை வசதியைப் பயன்படுத்தும்போது நீங்கள் பேசுவதில் சொந்த விஷயங்கள் இருந்தால் அவையும் வேறொரு நிறுவனத்துக்குப் போகும் என்று எழுதியிருந்ததைப் பார்த்து உலகமே பதறியது. பெரும்பாலான டிவிகளில் மைக் ரிமோட்டில் இருக்கும். பட்டனை அழுத்தும்போதுதான் கேட்கும். சிலவற்றில் டிவியின் உடம்பிலேயே மைக் இருக்கும், அடியில் ஒரு சின்ன சுவிட்சும் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள், போதும். அமெரிக்க உளவுத்துறை டிவியை ஒட்டுக் கேட்கும் கருவியாக மாற்றும் முறையை உருவாக்கியிருந்தது 2017இல் ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் மூலம் வெளிவந்தது உண்மைதான். ஆனால் அதற்கு ஆள் வீட்டுக்குள் வந்து டிவியில் பென் டிரைவ் சொருக வேண்டும். நம்மைப் போன்றவர்களின் கவலை அது இல்லை.

சரி, தனியுரிமை ஒரு பக்கம். இரண்டாவது பிரச்சினை அன்றாடம் எரிச்சலூட்டுவது: டிவி மெதுவாகிப் போவது. வாங்கிய புதிதில் பட்டன் தட்டினால் உடனே ஓடும். மூன்று வருடம் கழித்துத் தட்டினால், தட்டியது பதிந்ததா இல்லையா என்றே தெரியாமல் இன்னொரு முறை தட்டுவோம், இரண்டும் சேர்ந்து வேறெங்கோ போய் நிற்கும். காரணம் எளிது. விலை குறைந்த டிவிகளில் 1 அல்லது 1.5 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ்தான் இருக்கும். அந்த 8 ஜிபியில் பெரும்பகுதியை டிவியின் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அப்டேட்டிலும் ஆப்கள் கனக்கும், முகப்புத் திரையில் விளம்பரப் படங்கள் கூடும், முதுகில் இருக்கும் அந்தச் சின்ன கம்ப்யூட்டர் மட்டும் அப்படியே இருக்கும். போனில் இந்த நிலை வந்தால் போனை மாற்றுகிறோம். டிவியில் நல்ல திரை ஒன்று எட்டுப் பத்து வருடம் உழைக்கக் கூடியது, மூளை கிழடுதட்டியதற்காக அதையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது.

மெதுவாவது மட்டுமல்ல, ஆப் நின்றேபோகும். 2012க்கும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளில் 2015இல் யூடியூப் ஆப் நின்றது. 2019 டிசம்பரில் சாம்சங்கின் 2010, 2011ஆம் வருடத்து டிவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. சாம்சங் தன் புதிய மாடல்கள் பலவற்றுக்கு ஏழு வருடம் வரை மென்பொருள் அப்டேட் தருவதாகச் சொல்கிறது, எல்ஜி ஐந்து வருடத்தில் நாலு பெரிய அப்டேட் என்கிறது. அப்டேட் வரும், அதைத் தாங்கும் வலு டிவிக்கு இருக்குமா என்பது வேறு கேள்வி.

அப்படியானால் ஸ்மார்ட் டிவியே வேண்டாமா? கடைக்குப் போய்ப் பாருங்கள். ஸ்மார்ட் அல்லாத டிவி பெரும்பாலும் 32 இஞ்ச் வரைதான் கிடைக்கும், அதிலும் படத் தரம் சுமார்தான். 43, 55 இஞ்சில் நல்ல திரை வேண்டுமென்றால் கிட்டத்தட்ட எல்லாமே ஸ்மார்ட். கடைகளிலும் விமான நிலையங்களிலும் மாட்டும் விளம்பரத் திரைகள் இருக்கின்றன, விலை அதிகம். ஆகவே ஸ்மார்ட் டிவியைத் தவிர்க்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராத யோசனை. நான் சொல்வது வேறு: டிவியை வாங்குங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். நெட் இல்லாத ஸ்மார்ட் டிவி நல்ல ஒரு சாதா டிவி. கேபிள், டிடிஎச், பென் டிரைவ், எச்டிஎம்ஐ எல்லாம் வேலை செய்யும். முதல்முறை ஆன் செய்யும்போது வைஃபை கேட்கும் பக்கத்தில் 'ஸ்கிப்' இருக்கும். கூகுள் டிவி வகைகளில் 'பேசிக் டிவி' என்று ஒரு வழி தனியாகவே உண்டு. மாட்ட வருபவர்களிடம், "நெட் நான் அப்புறம் போட்டுக்கறேன் தம்பி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓடிடி பார்க்க வேண்டுமென்றால் எச்டிஎம்ஐயில் சொருகும் ஸ்டிக் அல்லது பாக்ஸ் ஒன்று தனியாக வாங்கலாம். நாலு வருடத்தில் மெதுவானால் சில ஆயிரம் ரூபாயில் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், திரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஸ்டிக் வாங்கினால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2019இல் பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்ததில், டிவியில் சொருகும் ரோக்கு என்ற சாதனத்தின் ஆப்களில் 69 சதவீதத்திலும், அமேசான் ஃபயர் டிவியின் ஆப்களில் 89 சதவீதத்திலும் பின்தொடரும் நிரல்கள் இருந்தன. வித்தியாசம் என்னவென்றால், ஸ்டிக்குக்குத் தெரிவது அதில் ஓடுவது மட்டும். கேபிளில் பார்ப்பதும், லேப்டாப்பை இணைத்துப் பார்ப்பதும் அதன் கண்ணில் படாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் மிகவும் மலிவாகக் கிடைக்கின்றன; 'எல்லா சேனலும் இலவசம்' என்று போட்டிருப்பார்கள். தொடவே தொடாதீர்கள். பேட்பாக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் கும்பல் இப்படிப்பட்ட சாதனங்களில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வைரஸை ஏற்றி அனுப்பியது. 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ இதைப் பற்றி எச்சரித்தது. ஜூலையில் கூகுள் வழக்குப் போட்டது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் சிக்கியிருந்தன. விளம்பரக்காரர் நாம் பார்ப்பதை எட்டிப் பார்க்கிறார். இந்தக் கும்பலோ நம் வீட்டு நெட்டையே திருட்டுக்குப் பயன்படுத்துகிறது. இந்த பாக்ஸை வாங்குவதைவிட டிவியிலேயே நெட் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

டிவியிலேயேதான் ஓடிடி பார்ப்போம், இரண்டு ரிமோட் வைத்துப் பெரியவர்களால் சமாளிக்க முடியாது என்றால், செட்டிங்ஸில் பத்து நிமிடம் செலவழியுங்கள். சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்', சோனியின் சில மாடல்களில் 'சம்பா இன்டராக்டிவ் டிவி' என்ற பெயர்களில் ஏசிஆர் இருக்கும். அணைத்துவிடுங்கள். 'இன்ட்ரஸ்ட் பேஸ்டு' அல்லது 'பர்சனலைஸ்டு ஆட்ஸ்' என்று இருப்பதையும். பெரிய அப்டேட் வந்த பிறகு மறுபடி ஒருமுறை போய்ப் பாருங்கள். பயன்படுத்தாத ஆப்களை நீக்கினால் வேகமும் கொஞ்சம் கூடும்.

நம் நாட்டில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வந்தன. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதே அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதன் முக்கியப் பகுதிகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. அன்று இரவு நான் அப்பா வீட்டு ரிமோட்டில் எண்ணிப் பார்த்தேன். ஒப்புக்கொள்ள ஒரு பக்கத்துக்கு ஒரு ஓகே. அதில் ஒன்றே ஒன்றை விலக்க, மெனுவுக்குள் மெனுவாகப் போய்ப் பதினான்கு முறை பட்டன் அழுத்த வேண்டியிருந்தது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேண்டாம்னுதானே சொல்லியிருப்பேன்?" என்றார். நாலையும் விலக்கிவிட்டு, கடைசியில் வைஃபை இணைப்பையே அழித்துவிட்டோம். பேரப்பிள்ளைகள் வரும்போது ஸ்டிக். மற்ற நாளெல்லாம் கேபிள். இப்போது டிவியை ஆன் செய்யும்போதெல்லாம் 'நெட்வொர்க் இணைக்கப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து நிற்கிறது. அம்மா பேக் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு சீரியலைப் போட்டுக்கொள்கிறார்.